உன் அப்பா மூச்சு விட்ட இடம்

அன்று அந்த வார்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டிலில் உன் அப்பா கருப்பையா. தலைமாட்டில் அவருடைய அண்ணன், உன் பெரியப்பா ராமையா, கடையில் போட்டிருந்த சட்டையோடு அப்படியே வந்திருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் பெரியம்மா சரசு, கையில் ஆரஞ்சுப் பழப் பை. ஒரு பழத்தைக்கூட யாருக்கும் உரித்துக் கொடுக்காமல் பையைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுபோனாள். ஜன்னல் பக்கம் நம் பக்கத்து வீட்டு வங்காளி அம்மா, மீனா மாசி. ஊசி போட வந்தவள் போடாமல் நின்றுவிட்ட மலையாளத்து நர்ஸ் லீலா. கால்மாட்டில் நான், அவருடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டு. சுவரோரம் நீ, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி. அவ்வளவு பேர்தான். நானும் இருந்தேன், என் காதால் கேட்டேன் என்று இந்தப் போர்ட் பிளேரில் பிறகு எத்தனையோ பேர் சொன்னார்கள். அவர்கள் யாரும் இல்லை. இருந்தவர்கள் இவர்கள்தான், நின்ற இடமும் இதுதான்.

இதை எழுத எனக்கு நேரம் இருக்கிறது. காலையில் ஆபீஸ் போகும்போது நீ வாசல் கேட்டை வெளியே பூட்டிவிட்டுப் போகிறாய். போன மழைக்கு ஷாதிபூர் இறக்கத்தில் நான் வழுக்கி விழுந்ததிலிருந்து இந்த ஏற்பாடு. சாவி ஒன்று உன்னிடம், இன்னொன்று உன் பெண்டாட்டி தேவியிடம். உன் நல்லதுக்குத்தான்மா என்று சொல்லித்தான் பூட்டினாய். நல்லதுக்கு இல்லை என்று நான் எப்போது சொன்னேன்? பூட்டு வெளிப்பக்கம் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறேன். மீனா மாசி வேலிக்கு மேலே தலையை நீட்டி, "க்யா தீதி, ஆஜ் பி ஜெயில்?" என்று கேட்கிறாள், என்ன அக்கா இன்றைக்கும் ஜெயிலா என்று. "இந்த ஊர் ஜெயிலப் பாக்க மெயின்லேண்ட்லேர்ந்து டிக்கெட் வாங்கிட்டு வர்றானுங்க மாசி, நீ சும்மாவே பாக்கிற, கொடுத்து வெச்சவ" என்று நான் தமிழிலேயே சொல்கிறேன். அவளுக்குப் பாதி புரியும். முழுசாகச் சிரிப்பாள்.

நான் படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை. எழுத்து கோணலாக இருக்கும். ஞாபகம் கோணாது, அது உனக்கே தெரியும். உன் கல்யாணத்தில் யார் வீட்டு ஆட்கள் சாப்பிடாமல் போனார்கள், எந்தப் பந்தியில் ரசம் தீர்ந்தது, யார் அதைச் சொல்லிச் சிரித்தார்கள் என்பதெல்லாம் நான் சொல்லச் சொல்ல நீ காதைப் பொத்திக்கொள்வாய். "எல்லாத்தையும் எதுக்கும்மா மனசுல வெச்சிருக்க" என்பாய். வேறு எங்கே வைப்பது? இருக்கிற அலமாரி உங்களுடையது.

கொஞ்சம் பழசிலிருந்து வருகிறேன், பொறுத்துக்கொள். நான் பிறந்தது இலங்கை மலைத் தோட்டத்து லயத்தில். லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகள். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, அதைக் காம்பிரா என்போம். எங்கள் காம்பிராவில் அப்பா, அம்மா, நான், என் தங்கை, அண்ணன் எல்லாரும் இருந்தோம். அண்ணனுக்குக் கல்யாணம் ஆனதும் அஞ்சலை மதினி வந்தாள். அவள் வந்த அன்று அம்மா செய்த ஏற்பாடு, தன் பழைய சேலை ஒன்றை நடுவில் கயிற்றில் தொங்கவிட்டது. அந்தப் பக்கம் அண்ணனும் மதினியும், இந்தப் பக்கம் நாங்கள். மதினி அழுதால்கூட முந்தானையை வாயில் திணித்துக்கொண்டுதான் அழுவாள். எனக்கு அது தெரியும், ஏனென்றால் என் பாய் சேலைக்கு இந்தப் பக்கம் முதல் பாய். ஒருநாள் தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவள் என்னிடம், "ஒனக்கு ஒருத்தன் வந்தா, கதவு இருக்கிற வூடா பாத்துப் போ புள்ள. ஆளப் பாக்காத, கதவப் பாரு" என்றாள். பிறகு எங்களை எல்லாம் இந்தியாவுக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து கப்பலேற்றி இந்தத் தீவுகளுக்கு அனுப்பினார்கள், கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் இறக்கினார்கள். அங்கேயும் லயம்தான். அதே சேலை, அதே கயிறு. அண்ணனுக்கு அப்போது பிள்ளைகள் பிறந்துவிட்டன. போகலாம் என்று மதினி சொல்லுவாள், அம்மாவை விட்டுவிட்டு எப்படி என்று அண்ணன் சொல்லுவான். இன்று அந்த லயமும் இல்லை, சுனாமியில் கடல் கொண்டுபோய்விட்டது. மதினி கடைசி வரைக்கும் ஒரு கதவை உள்ளேயிருந்து சாத்திப் பார்க்கவில்லை.

அதனால்தான், உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு போர்ட் பிளேர் வந்ததும் நான் கேட்டது நகை இல்லை, கதவு. இந்த வீட்டைக் கட்டும்போது ரெண்டு அறை வேண்டும், ரெண்டாவது அறைக்கு வெளியே தனியாக ஒரு கதவு வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். நீ அப்போது கைப்பிள்ளை. உன் அப்பா சிமெண்டு குழைத்துக்கொண்டே கேட்டார்: "எதுக்குடி ரெண்டு வாசல்? வீடா, ரேஷன் கடையா?" "இவன் கல்யாணம் பண்ணிட்டு வந்தா வேணாமா?" என்றேன். அவர் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார். "இவன் எதுக்கு இங்க வர்றான்? கப்பலக் கட்டிப் போடற ஊர்ல பொறந்த பய. கயித்த அவுத்து வுட்டா போய்க்கிட்டே இருப்பான்." அவர் சொன்னது அப்படியே என் காதில் இருக்கிறது. பிறகு அந்த இரண்டாவது கதவு வைக்க மரம் போதவில்லை. செங்கல் வைத்து அடைத்துவிட்டார். அடைத்த இடம் இன்றும் சுவரில் தெரிகிறது, உன் கட்டிலுக்குப் பின்னால், கதவு அளவுக்கு ஒரு மேடு. நீ அங்கேதான் காலண்டர் மாட்டியிருக்கிறாய்.

உன் அப்பாவுக்கு ஜெட்டியில், கப்பல் வந்து ஒதுங்குகிற துறையில், கயிறு பிடிக்கிற வேலை. கப்பலோ படகோ வந்தால் கயிற்றை வாங்கி இரும்புத் தூணில் மாட்டவேண்டும், கிளம்பும்போது கழற்றிவிடவேண்டும். கேட்க லேசாக இருக்கும். தப்பான நேரத்தில் கழற்றினால் ஏறிக்கொண்டிருக்கிற ஆள் நடுவில் விழுவான். கழற்றாமல் வைத்தால் கயிறு அறுந்து பக்கத்தில் நிற்பவன் காலை எடுத்துவிடும். ஜெட்டியில் தெலுங்கு ஆள், வங்காளி, மலையாளி, ராஞ்சியிலிருந்து வந்தவர்கள், எல்லாரும் கலந்து நிற்பார்கள், எல்லாருக்கும் பொதுவாக இந்திதான். யாராவது பிடியை விடாமல் நின்றால் அவர் தூரத்திலிருந்து சத்தம் கொடுப்பார். "ரோகோ மத்" என்று வெட்டினாற்போல் ஒன்று. பிறகு ஒரு மூச்சு. பிறகு "ஜானே தோ" என்று இழுத்து, கயிறு போகிற நீளத்துக்கு. நிறுத்தாதே, போக விடு. மத்தியானச் சோற்றைத் தூக்கிக்கொண்டு போய் நிழலில் உட்கார்ந்து தினமும் அதைக் கேட்டவள் நான். பாட்டுக் கேட்பது மாதிரிக் கேட்பேன். என் இடுப்பில் உட்கார்ந்து நீயும் கேட்டாய்.

கேட்டது மட்டுமா? நடக்கப் பழகியதும் நீ அதையேதான் சொல்லித் திரிந்தாய். உன்னைக் குளிப்பாட்ட ஒரு கையால் பிடித்தால், சோப்பு வழுக்கலில் கையை உருவிக்கொண்டு அம்மணமாகத் தெருவில் ஓடுவாய், "ரோகோ மத்" என்று கத்துவாய், உன் அப்பா மாதிரியே நின்று மூச்சு வாங்குவாய், அப்புறம் "ஜாஆனே தோ". மீனா மாசி வீட்டு வாசலில் விழுந்து விழுந்து சிரிப்பாள். உன்னைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து தருவாள், மேலெல்லாம் சோப்பு நுரையோடு. "லோ தீதி, ஆப்கா ஜஹாஜ்" என்பாள், இந்தா அக்கா உன் கப்பல் என்று. இதை நீ மறந்திருக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். பள்ளிக்கூடம் போன வயதிலும் நீ சொன்னாய். ஓடைக்கரையில் உன் கூட்டாளிகளோடு கட்டை மிதக்கவிட்டபோது சொன்னாய். மறக்கவில்லை.

இப்போது வார்டுக்கு வருகிறேன். உனக்கு அப்போது மீசை நன்றாக முளைத்துவிட்டது. சென்னையில் கப்பல் எஞ்சின் ரூம் வேலைக்குப் பயிற்சி, இடம் கிடைத்துவிட்டது, கப்பல் டிக்கெட் எடுத்தாயிற்று. உன் அப்பா பஜாருக்குப் போய் உனக்கென்று நீல நிறத்தில் ஒரு பெரிய பை வாங்கி வந்தார். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு அறைக்குள்ளேயே நடந்து காட்டினார். அடுத்த நாள் காலையில் ஜெட்டியிலேயே விழுந்துவிட்டார். ஒரு பக்கம் கை கால் போயிற்று, வாய் கோணிக்கொண்டது. நாலைந்து நாள் பேச்சே இல்லை. அப்புறம் பேச்சு வந்தபோது தமிழ் வரவில்லை, இந்திதான் வந்தது. என்னைப் பார்த்து "பானி" என்றார். தண்ணீர் கேட்கிறார் என்று நர்ஸ் லீலாதான் முதலில் புரிந்துகொண்டாள். "சிலருக்கு அங்ஙன வரும் சேச்சி, ஜோலி செய்த பாஷை மட்டும் நிக்கும்" என்றாள். என்னோடு அவர் குடும்பம் நடத்திய பாஷை போய், கயிறு பிடித்த பாஷை மிஞ்சியது. அதற்கும் நான் கோபப்பட்டேன், இல்லை என்று சொல்லமாட்டேன்.

அன்று எல்லாரும் வந்து நின்றார்கள். பெரியப்பா குனிந்து, பையன் நாலு நாளில் சென்னைக்குப் போகிறான், நீ என்ன சொல்கிறாய் என்று அவர் காதில் கேட்டார். உன் அப்பா கண்ணைத் திறந்து உன்னைத்தான் பார்த்தார். வாய் கோணியிருந்தது, எச்சில் ஒழுகியது, சொல் ஒவ்வொன்றாக வந்தது. "ரோகோ." "மத்." பிறகு மூச்சு. பிறகு "ஜானே தோ." கடைசிச் சொல்லை இழுத்தார். அந்த வாயால் அவ்வளவுதான் இழுக்க முடியும், ஆனால் இழுத்தார். என் கையிலிருந்த பாதமும் அப்போது லேசாக அசைந்தது. ஜெட்டியில் சோற்றுத் தூக்கோடு உட்கார்ந்திருந்த மாதிரியே இருந்தது.

பெரியப்பா நிமிர்ந்தார். எங்கள் குடும்பத்தில் இந்திக்கு அவர்தான் அதிகாரி. கடையில் எல்லா ஜாதி ஆளோடும் பேசுகிறவர். எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "கேட்டீங்கள்ல? ரோகோ. மத் ஜானே தோ. நிறுத்து, போக விடாதேங்கிறான் என் தம்பி" என்றார். மூன்றே மூன்று துண்டு, பார். நடுவில் இருக்கிற 'மத்', வேண்டாம் என்ற சொல், முன்னால் ஒட்டினால் நிறுத்த வேண்டாம், போகட்டும். பின்னால் ஒட்டினால் நிறுத்து, போகக் கூடாது. அதை எங்கே ஒட்டுவது என்பதைச் சொன்னவன் மூச்சுத்தான் சொல்லும். உன் அப்பா மூச்சு விட்ட இடத்தை உன் பெரியப்பா கையால் எடுத்து நகர்த்தி வைத்தார். வேண்டுமென்று செய்தார் என்று சொல்லமாட்டேன். அவர் ஜெட்டிக்கு வந்ததே இல்லை, சாமான் வந்தால் கூலி ஆளை அனுப்புவார்.

"அப்படி இல்ல மாமா. அவரு போகட்டும்னு சொல்றாரு" என்று நான் சொன்னேன். இது எல்லாருக்கும் மறந்துபோயிற்று. நான் சொன்னேன். பெரியம்மா சரசு உதட்டை மடித்துக்கொண்டு, "ஒனக்கு எப்பத்துலேர்ந்து இந்தி வந்துச்சு? மீன்காரன்கிட்ட பேரம் பேசத்தான தெரியும்" என்றாள். மீனா மாசி வாயைத் திறந்தாள், பெரியப்பா திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். நம் வீட்டு விஷயம் என்று நினைத்திருப்பாள். நர்ஸ் ஊசியைப் பார்த்துக்கொண்டாள். பெரியப்பா உன்னிடம், "நீ சொல்லுப்பா. நீ படிச்ச பிள்ள. உங்கப்பா என்ன சொன்னான்?" என்றார்.

இந்தியில் படித்தவன் நீ. உன் அப்பாவின் சத்தத்தைச் சோப்பு நுரையோடு தெருவில் கத்தியவன் நீ. அந்த வார்டில் அதைச் சரியாகக் கேட்டிருக்கக்கூடியவர்கள் ரெண்டே பேர், ஒன்று நான், இன்னொன்று நீ. என் பேச்சு எடுபடாது. உன் பேச்சு எடுபடும். நான் உன் முகத்தையே பார்த்தேன். நீ தரையிலிருந்து கண்ணை எடுத்தாய். "போக வேணாம்னுதான் சொன்னாரு பெரியப்பா. அம்மாவத் தனியா விடக் கூடாதுன்னு" என்றாய். அம்மா என்ற சொல் உன் அப்பா வாயில் வரவே இல்லை. அதை நீதான் சேர்த்தாய். சேர்த்ததும் உன் தோள் ரெண்டும் இறங்கின, சுமையை இறக்கி வைத்த கூலி ஆளுக்கு இறங்குகிற மாதிரி. நான் துக்கம் என்று நினைக்கவில்லை. துக்கத்தில் தோள் அப்படி இறங்காது.

அவர் இறந்து, எடுத்தபிறகு வீட்டைக் கூட்டும்போது கட்டிலுக்கடியில் அந்த நீலப் பையை இழுத்தேன். கடையில் திணித்துக் கொடுத்த காகிதம் உள்ளே அப்படியே இருந்தது. ஒரு சட்டைகூட நீ எடுத்து வைக்கவில்லை. வாங்கி வந்த அன்று சாயங்காலம் முழுக்க நேரம் இருந்தது, எடுத்து வைக்கவில்லை. அதற்கு முந்தின வருடம் ஒரு கல்யாணத்துக்கு நாம் மெயின்லேண்டு போனபோது, கப்பல் ஆடத் தொடங்கியதிலிருந்து கரை தெரிகிறவரை நீ பங்க்குப் படுக்கையில் குப்புறப் படுத்து வாந்தி எடுத்ததும், "செத்தாலும் இனிமே ஏற மாட்டேன்மா" என்று என் மடியில் சொன்னதும் எனக்கு ஞாபகம் வந்தது. ஜெட்டிக்காரன் மகனுக்குக் கடல் என்றால் பயம். அப்பாவிடம் சொல்ல வெட்கம். இதில் என்ன தப்பு? பயம் யாருக்கு இல்லை? "எனக்குப் பயமா இருக்குப் பெரியப்பா" என்று நீ அன்று சொல்லியிருந்தால், நான் முந்தானையால் உன் முகத்தைத் துடைத்து, போகவேண்டாம் ராசா, இங்கேயே ஏதாவது பார் என்று சொல்லியிருப்பேன். அந்தப் பயத்துக்கு நீ என் பெயரை வைத்தாய்.

அப்பாவின் வேலைக்குப் பதிலாக உனக்கு ஆபீஸில் வேலை கிடைத்தது. தெருவில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம், தாயை விட்டுப் போகாத பிள்ளை, கொடுத்து வைத்தவள் என்றார்கள். கொஞ்ச நாள் எனக்கும் அது இனிக்கத்தான் செய்தது. பிறகு நீ தேவியைக் கட்டினாய். ராமநாதபுரம் பக்கத்துப் பெண், டீச்சர், வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட வேகம். ரெண்டு அறைக்கும் நடுவிலிருந்த சுவரில் பாதியை ஏற்கெனவே நீ காற்றுக்காக இடித்திருந்தாய். கல்யாணத்துக்குப் பிளைவுட் வைத்து மறைத்தாய். அந்தப் பிளைவுட்டைப் பார்த்த அன்று நான் லயத்துச் சேலையைப் பார்த்தேன். அதற்கு இந்தப் பக்கம் முதல் பாய் இப்போதும் என்னுடையதுதான். இருமல் வந்தால் தலையணையை வாயில் வைத்து இருமுகிறேன். விடியுமுன்னே எழுந்து வெளிப்படியில் போய் உட்கார்ந்துகொள்கிறேன், நீங்கள் ரெண்டு பேரும் கொஞ்சம் வாய்விட்டுப் பேசட்டும் என்று. நீ உடனே கதவைத் திறந்து, "இங்க என்னம்மா பண்ற, பனியில" என்று உள்ளே கூட்டிப்போகிறாய். அஞ்சலை மதினி சொன்ன கதவை நான் வைக்கச் சொன்னேன், உன் அப்பா அடைத்தார், நீ காலண்டர் மாட்டினாய்.

உன் மகள் யாழினி பிறந்தபிறகு ஒருமுறை தேவிக்கு மாயாபந்தருக்கு மாற்றல் வந்தது. நீ கூடப் போக மறுத்தாய், அவளும் யார் யாரையோ பார்த்து நிறுத்திக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசுகிற பேச்சில் ஒரு கல் இருந்தது. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அவள் தன் அக்காவிடம் போனில் பேசியதை நான் கேட்டேன். "கெழவி புடிச்ச பிடிய விடாதுக்கா. புருஷனும் போயிட்டாரு, புள்ளையயாவது விடுதான்னு பாரு." எனக்கு அவள்மேல் வந்த கோபத்தை நான் சோற்றில் காட்டினேன், குழம்பில் காட்டினேன். நாங்கள் ரெண்டு பேரும் ஒரு அடுப்படியில் ஒருத்தி முதுகை ஒருத்தி பார்த்துக்கொண்டு இத்தனை வருடம் நின்றோம். நீ நடுவில் உட்கார்ந்து, ரெண்டு பேர் சமையலும் நல்லா இருக்கு என்று சாப்பிட்டாய்.

போன ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும், ஆனால் பாதிதான் தெரியும். தேவிக்குப் பதவி உயர்வு, கடல் தாண்டி ஹட் பே பள்ளிக்கூடத்துக்கு, குவார்ட்டர்ஸோடு. அவள் மீன் கழுவிக்கொண்டே சொன்னாள், "என்னங்க, இந்தத் தடவ நான் நிறுத்தப் போறதில்ல. யாழினியக் கூட்டிட்டுப் போறேன். வர்றதுன்னா வாங்க." நீ வழக்கம்போல அப்பா படத்தைப் பார்த்தாய். "அம்மாவ விட்டுட்டு எப்படி தேவி? அப்பா கடைசியாச் சொன்ன வார்த்த." நான் சொன்னேன், "என்னால தனியா இருக்க முடியும் தம்பி. மாசி இருக்கா பக்கத்துல." "நீ சும்மா இரும்மா" என்றாய். அன்பாகத்தான் சொன்னாய், என் தலையைத் தடவிக்கொண்டு. பிறகு யாழினியைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டாய், போகும்போது கேட்டைப் பூட்டிக்கொண்டு. உள்ளே நாங்கள் ரெண்டு பொம்பளைகள்.

அப்போது தேவி மீனை வைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "அத்தை, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. இவங்க ஆபீஸ்லயே ஹட் பேக்கு ஆள் கேக்குறாங்க. பெரிய ஆபீசர் கூப்பிட்டு, ஒங்க வீட்டம்மாவுக்கும் அங்கதான் போட்டிருக்கு, நீங்களும் போறீங்களான்னு கேட்டாராம். அதுக்கு இவங்க, எங்கம்மாவுக்குக் கப்பல் ஒத்துக்காது, என்னையும் போக விடமாட்டேங்கிறாங்கன்னு சொன்னாங்களாம். ஆபீஸ்ல இருக்கிற பொண்ணு எங்கிட்ட சொல்லுச்சு. நீங்க அப்படிச் சொன்னீங்களா?"

எனக்குக் கப்பல் ஒத்துக்காதாம். சின்னப் பிள்ளையாக இலங்கையிலிருந்து கடல் தாண்டினேன், மெட்ராஸிலிருந்து இங்கே தாண்டினேன், இங்கிருந்து கச்சாலுக்குத் தாண்டினேன், அலையில் கப்பல் சாய்ந்தபோது மற்றவர்கள் வாந்திக்குப் பாத்திரம் பிடித்துக் கொடுத்தவள் நான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தம்பி. வயிறு வலிக்கச் சிரித்தேன். தேவி பயந்துவிட்டாள். "என்னை யாரும் கேக்கல தாயி. மாயாபந்தருக்கும் கேக்கல, இதுக்கும் கேக்கல" என்றேன். பிறகு ரோகோ மத் கதையை முழுசாகச் சொன்னேன், வார்டில் யார் யார் நின்றார்கள் என்பதிலிருந்து. அவள் எழுந்து கையைக் கழுவக்கூட இல்லை. கையெல்லாம் மீன் செதில். "அப்ப நீங்க அவங்களப் புடிச்சு வெக்கல" என்றாள். "அவன் என்னப் புடிச்சு வெச்சிருக்கான்" என்றேன். மூக்கைச் சிந்திக்கொண்டு, "நம்ம ரெண்டு பேரையும்" என்றாள். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவளும் நானும் ஒத்துப்போன முதல் பேச்சு அது.

வெள்ளிக்கிழமை காலையில் ஹட் பே கப்பல். தேவி தனக்கும் பிள்ளைக்கும் டிக்கெட் எடுத்துவிட்டாள். உனக்கும் எடுத்திருக்கிறாள், உன்னிடம் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். அவர்கள் போய் நீ இங்கே நின்றால் என்ன ஆகும் என்று எனக்கு இப்போதே தெரிகிறது. பெண்டாட்டியையும் பிள்ளையையும் விட்டுவிட்டுத் தாயோடு இருக்கிறான் என்று தெரு உன்னைக் கும்பிடும், குடும்பத்தைப் பிரித்த கிழவி என்று என்னைக் காறித் துப்பும். நீ சாயங்காலம் வந்து என் எதிரில் உட்கார்ந்து, எல்லாம் உனக்காகத்தான்மா என்கிற முகத்தோடு சாப்பிடுவாய். யாழினி அங்கே வளர்வாள், அப்பா ஏன் வரவில்லை என்று கேட்டால் பாட்டி விடவில்லை என்று யாராவது சொல்வார்கள். என் சாவு வரைக்கும் நான் உன் பயத்துக்குக் காவல் நிற்கவேண்டும். முடியாது. எனக்கு வயதாகிவிட்டது, கால் வலிக்கிறது.

பெற்றவர்களோடு பிள்ளை இருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மீனா மாசியின் மகன் அவளோடுதான் இருக்கிறான். வாரத்துக்கு ஒருமுறை ரெண்டு பேரும் தெருக் கேட்கச் சண்டை போடுகிறார்கள், அவன் கோபித்துக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போகிறான், திரும்பி வருகிறான். போகத் தெரிந்தவன் இருக்கிறான், அது வீடு. நீ போக முடியாமல் இருக்கிறாய். கப்பலில் வாந்தி வந்தால் வரட்டும். ஒரு பகல்தானே. எலுமிச்சம்பழம் ஒன்றைக் கீறி மூக்கில் வைத்துக்கொள், வெளித்தட்டில் நின்றுகொண்டு கரையைப் பார், கீழே படுக்காதே. பயமாக இருக்கிறது என்று தேவியிடம் உன் வாயால் சொல். அவள் சிரிப்பாள், அப்புறம் பாத்திரம் பிடிப்பாள். அங்கே போய் யாழினி வளர்ந்து ஒருநாள் பையைத் தூக்கினால், உன் வாயில் என்ன சொல் வருகிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள். என்னை நினைத்துக் கவலைப்படாதே. கேட்டுச் சாவியை மாசியிடம் கொடுத்துவிட்டுப் போ. காலண்டருக்குப் பின்னால் இருக்கிற செங்கலை இடிக்க மாசி மகனிடம் சொல்லியிருக்கிறேன். அந்தக் கதவு வைத்ததும் நான் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நன்றாக இருமுவேன். விழுந்தால் விழுகிறேன். ஷாதிபூர் இறக்கத்தில் நான் மட்டுமா விழுகிறேன்?

இந்தக் கடிதத்தை உன் சாப்பாட்டுப் பையில் வைக்கிறேன், ஆபீஸில் படி. வீட்டில் படித்தால் அப்பா படத்தைப் பார்ப்பாய்.

கடைசியாக ஒன்று. அன்று வார்டில் இருந்தவர்களை இத்தனை வருடம் நான் மனசுக்குள் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தேன். இப்போது ஒவ்வொருவராக வெளியே அனுப்புகிறேன். மீனா மாசியை மன்னித்துவிட்டேன். அவள் அன்று வாயை மூடியதற்கு இன்றுவரை வேலிக்கு மேலே பேசித் தீர்க்கிறாள். நர்ஸ் லீலாவிடம் கோபம் இல்லை, அவளுக்கு ஊசி இருந்தது. பெரியம்மா சரசுவை மன்னிக்கக் கஷ்டமாகத்தான் இருந்தது, மீன்காரன் பேச்சுக்கு இல்லை, அந்த ஆரஞ்சுக்கு, போகட்டும். பெரியப்பா ராமையா காது கேட்காமல் செத்துப்போனார், அவரையும் விட்டேன். உன் அப்பாவை, தமிழில் ஒரு வார்த்தை எனக்கென்று சொல்லாமல் போனதற்கு, போன வருடம்தான் விட்டேன். ஒரே ஒரு ஆள் பாக்கி. அவன் வெள்ளிக்கிழமை கப்பல் ஏறினாலும் நான் மன்னிக்கமாட்டேன். மன்னிப்புக்காக அவன் ஏறவேண்டாம், போவதற்காக ஏறட்டும். நான் ஜெட்டிக்கு வருவேன், அழமாட்டேன், அவன் அப்பா சொன்னதை அவர் மூச்சு விட்ட இடத்திலேயே மூச்சு விட்டு ஒருமுறை சத்தமாகச் சொல்வேன். அதற்குமேல் அவனுக்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

கப்பல் டிக்கெட்டில் இருக்கிறபடியே அவன் பெயரை எழுதிவிடுகிறேன்: கருப்பையா மகன் செல்வராசு.